ரத்தத்தில் எழுதியிருக்கிறதா?

“சர்க்கரைக்கு விரல் நுனியில ஒரு சொட்டு எடுக்கறாங்க, நூத்தி எண்பதுன்னு சொல்லிடறாங்க. மனசு ஒடிஞ்சு கெடக்கறவன்ல எவன் உசுர விட்டுடுவான்னு அதே மாதிரி ரத்தத்துல பாத்துச் சொல்ல முடியாதா தம்பி?”

பொதட்டூர்பேட்டைக் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார். வீட்டோடு சேர்த்து விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. இந்தக் கேள்வியை மட்டும் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். யாரை நினைத்துக் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சுருக்கமான பதில்: முடியாது. ஆனால் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் அது பாதிப் பதில்தான். ஐம்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் இதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெறுங்கையோடு அவர்கள் திரும்பவில்லை. மனச்சோர்வு உள்ளவர்களின் உடலில் சில மாற்றங்கள் நிஜமாகவே இருக்கின்றன. அவை ஏன் ஒரு ரத்தப் பரிசோதனையாக மாறவில்லை, அந்தப் பரிசோதனை வரும்வரை நாம் செய்யக்கூடியது என்ன என்பதற்கு இன்னொரு டீ ஆகும். பெரியவர் அதற்கும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

கதை ஸ்டாக்ஹோமில் தொடங்குகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த மேரி ஆஸ்பெரி என்ற மனநல மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வால் மருத்துவமனையில் சேர்ந்த 68 பேரிடம் அவர்கள் அளந்தது செரட்டோனினின் கழிவை.

செரட்டோனின் என்பது மூளை நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று. பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் இருக்கிற டிரிப்டோஃபான் என்ற சத்திலிருந்து உடல் அதைத் தயாரித்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும் அது சிதைந்து 5-எச்.ஐ.ஏ.ஏ. என்ற கழிவாகி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில் கலந்துவிடுகிறது. உயிரோடு இருக்கிறவரின் மூளையைத் திறந்து அளக்க முடியாது. அதனால் அந்த நீரை முதுகிலிருந்து எடுப்பார்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்லி, கீழ்முதுகில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். சொட்டுச் சொட்டாக விழுவதைக் குழாயில் பிடிப்பார்கள். அதையும் காலையில், அவர் படுக்கையை விட்டு எழுந்து நடமாடும் முன்பே எடுத்தாக வேண்டும். நடமாடிவிட்டால் அளவு மாறிவிடும்.

அந்த 68 பேரின் அளவுகள் ஒரே குவியலாக இல்லாமல் இரண்டாகப் பிரிந்து நின்றன. கழிவு குறைவாக இருந்த கூட்டத்தில் 40 சதவீதம் பேர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள். மற்றக் கூட்டத்தில் அது 15 சதவீதம். தற்கொலையால் இறந்துபோன இருவருமே குறைவாக இருந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். கட்டுரையின் தலைப்பிலேயே, இது தற்கொலையை முன்கூட்டிச் சொல்லும் உயிர்வேதி அடையாளமா என்று கேட்டிருந்தார்கள். தலைப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அந்தக் கேள்விக்குறி இன்னும் நீங்கவில்லை.

“அப்ப செரட்டோனின் கம்மியா இருந்தா அவ்ளோதானா?” என்றார் பெரியவர்.

இல்லை. கழிவு குறைவாக இருந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படி முயன்றதே கிடையாது. குறைவு என்பது ஒரு சாய்வைக் காட்டுகிறது. கோபத்திலோ வேதனையிலோ சட்டென்று செயல்பட்டுவிடும் சுபாவத்தோடு அது சேர்ந்து வருவதாகப் பிற்பாடு வந்த ஆய்வுகளில் பல சொல்லின. மனச்சோர்வு தணிந்த பிறகும் பலரிடம் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. அதாவது, ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றி அது கொஞ்சம் பேசுகிறது. இன்று ராத்திரி அவர் எப்படி இருப்பார் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

இரண்டாவது அடையாளம் அழுத்தத்தின் சுரப்பு. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கடன்காரர் வாசலில் நின்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தாலும் அது ஏறும். ஏறியது போதும் என்று மூளைக்குத் தெரிந்தவுடன் சுரப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு போகும். ஊடை நூல் அறுந்தால் விசைத்தறி தானாக நின்றுவிடுகிறது அல்லவா, அந்த மாதிரி ஏற்பாடு. கடுமையான மனச்சோர்வு உள்ள சிலரிடம் இந்த நிறுத்தம் வேலை செய்வதில்லை. நூல் அறுந்த பிறகும் தறி ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் மாத்திரை 1 மில்லிகிராம் கொடுப்பார்கள். கார்ட்டிசாலைப் போலவே தோற்றம் காட்டி, ‘போதும்’ என்ற பொய்ச் சேதியை மூளைக்குக் கொண்டுபோவது அது. மறுநாள் மாலை 4 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஏற்பாடு சரியாக இருப்பவருக்குக் கார்ட்டிசால் இறங்கியிருக்கும், பழுதானவருக்கு இறங்கியிருக்காது.

அமெரிக்காவில் அயோவாவைச் சேர்ந்த வில்லியம் கோரியெல், மைக்கேல் ஷ்லெஸரோடு சேர்ந்து, இந்தச் சோதனைக்கு உட்பட்டிருந்த 78 உள்நோயாளிகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார். 2001இல் முடிவு வந்தது. கார்ட்டிசால் இறங்காதவர்களில் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு 26.8 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இறங்கியவர்களில் 2.9 சதவீதம். மனநல மருத்துவத்தில் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காண்பது அரிது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மான் குழுவினர் 2006இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, இந்தச் சோதனையில் தவறியவர்களுக்கும், முதுகுநீரில் செரட்டோனின் கழிவு குறைந்தவர்களுக்கும் ஆபத்து சுமார் நாலரை மடங்கு என்று வந்தது.

கார்ட்டிசாலின் நிறுத்தம் ஏன் பழுதாகிறது என்பதற்கு ஒரு தடயம் கனடாவில் கிடைத்தது. மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, குஸ்தாவோ துரெக்கி ஆகியோரின் குழு 36 பேருடைய மூளைத் திசுக்களை இறப்புக்குப் பின் ஆராய்ந்தது. 2009இல் வெளியான ஆய்வு அது. தற்கொலையால் இறந்தவர்களில், சின்ன வயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் 12 பேர், ஆளாகாதவர்கள் 12 பேர். வேறு காரணத்தால் திடீரென இறந்தவர்கள் 12 பேர். கொடுமைக்கு ஆளானவர்களின் மூளையில், கார்ட்டிசாலை உணரும் ஏற்பியை உண்டாக்கும் மரபணுவின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் கூடுதலாக ஒட்டியிருந்தன. ஒட்டியதால் அந்த மரபணு சரியாக வேலை செய்யவில்லை. மரபணு மாறவில்லை, அதன் மேல் வாழ்க்கை பூட்டுப் போட்டிருந்தது. கொடுமைக்கு ஆளாகாமல் தற்கொலையால் இறந்தவர்களிடம் இது காணப்படவில்லை.

பெரியவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சின்னப் புள்ளையா இருக்கறப்ப பட்ட அடி ஒடம்புலயே தங்கிடுதுன்றீங்க” என்றார். அப்படித்தான். இந்த ஆராய்ச்சிகளால் இதுவரை நமக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுவாகத்தான் இருக்கும். ‘கோழை’, ‘குடும்பத்தை நினைக்காதவன்’, ‘திமிர்’ என்றெல்லாம் சாவு வீட்டிலேயே பேசுகிறோம். சுரப்பியும் மரபணுவும் நரம்பு நீரும் சேர்ந்து கெட்டுக்கிடந்த ஒரு நோயைப் பார்த்து அப்படிப் பேசுகிறோம் என்று இந்த ஆய்வுகள் காட்டிவிட்டன.

இன்னும் பல அடையாளங்கள் வரிசையில் நிற்கின்றன. உடலின் அழற்சியைக் காட்டும் இன்டர்லியூக்கின்-6 போன்ற புரதங்கள் தற்கொலைக்கு முயன்றவர்களிடம் கூடியிருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாக்கரி காமின்ஸ்கியின் குழு, எஸ்.கே.ஏ.2 என்ற மரபணுவை வைத்து ரத்தத்திலேயே ஆபத்தைக் கணிக்கலாம் என்றது. எண்பது சதவீதத்துக்கும் மேல் சரியாக வருகிறது என்று உலகெங்கும் செய்தி ஓடியது. பத்து ஆண்டுக்கு மேல் ஆகியும் எந்த மருத்துவமனையிலும் வழக்கமான பரிசோதனையாக அது நுழையவில்லை.

“எண்பது சதவீதம்னா நல்ல மார்க்குதானே? ஏன் நுழையல?”

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். தறிக்கூலி கணக்குப் போடுகிற ஊருக்கு இது கஷ்டமில்லை.

மனச்சோர்வு உள்ளவர்கள் 10,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஓராண்டில் அவர்களில் 20 பேர் தற்கொலையால் இறக்கக்கூடும் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நம்மிடம் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் நூறு பேரில் 80 பேரைச் சரியாகப் பிடிக்கும். ஆபத்து இல்லாத நூறு பேரில் 80 பேரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 20 பேரில் 16 பேரைப் பிடித்துவிடும், 4 பேரை விட்டுவிடும். மிச்சமுள்ள 9,980 பேரில் ஐந்தில் ஒருவரை, அதாவது 1,996 பேரைத் தவறாக ‘ஆபத்து’ என்று சொல்லும். ஆக 2,012 பேர் கையில் சிவப்பு முத்திரையோடு நிற்பார்கள். அவர்களில் 16 பேருக்குத்தான் அது பொருந்தும். ஏறத்தாழ 126 பேரைப் பார்த்து ‘நீ’ என்று விரல் நீட்டினால் ஒருவருக்குத்தான் உண்மை. விட்டுப்போன அந்த 4 பேரோ, ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்ற சீட்டோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் அலெக்ஸ் போகார்னி என்ற மருத்துவர், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சேர்ந்த 4,800 மனநோயாளிகளிடம் அன்றைக்குத் தெரிந்திருந்த எல்லாக் குறிகளையும் எழுதிவைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். 67 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 1983இல் அவர் வெளியிட்ட கணக்கில், குறிகள் 35 பேரை முன்கூட்டிப் பிடித்திருந்தன. கூடவே 1,206 பேரைத் தவறாகவும் பிடித்திருந்தன. 2017இல் ஜோசப் ஃபிராங்க்ளின் என்ற ஆய்வாளரின் குழு ஐம்பது ஆண்டு ஆய்வுகளில் 365ஐச் சேர்த்துப் பார்த்தது. கணிப்பு, காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று முடிவு வந்தது.

சர்க்கரையில் இந்தச் சிக்கல் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதுதான் அங்கே நோயே. அளப்பதும் நோயும் ஒன்று. தற்கொலை ஒரு நோய் அல்ல, ஒரு நேரத்தில் நடந்துவிடும் செயல். அது நோயோடு, கடனோடு, குடியோடு, அவமானத்தோடு, தூக்கமில்லாத இரவோடு, கைக்கு எட்டியதோடு சேர்ந்து வருகிறது. ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் மருத்துவர்கள், முயன்று பிழைத்த 82 பேரிடம், எண்ணம் வந்ததற்கும் செயலுக்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் பத்து நிமிடத்துக்குள் என்றார்கள். திங்கட்கிழமை எடுத்த ரத்தம் வியாழக்கிழமை இரவின் பத்து நிமிடத்தைச் சொல்லாது.

“அப்ப டாக்டருங்க ரத்தம் எடுக்கறதெல்லாம் சும்மாவா?” சும்மா இல்லை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை வந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே சோர்வும் ஆர்வமின்மையும் வரும். அதைக் கண்டுபிடிக்க ரத்தம் வேண்டும். மனநிலை ஏறி இறங்கும் நோய்க்கு லித்தியம் என்ற மருந்து தருவார்கள். தற்கொலையைக் குறைப்பதில் நல்ல சான்று உள்ள மருந்துகளில் அது முன்வரிசை. ஆனால் அளவு குறைந்தால் பயனில்லை, மிஞ்சினால் நஞ்சு. அதனால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்தே தீர வேண்டும். இந்த வேலைகளுக்கு ரத்தம் உதவும். ‘இவர் இறந்துபோவாரா’ என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்லாது.

அந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் நம்புவது என்ன? ஸ்டாக்ஹோம் ஆய்வு வந்த மூன்றாம் ஆண்டு, 1979இல், அதே மேரி ஆஸ்பெரி பிரிட்டிஷ் மருத்துவர் ஸ்டூவர்ட் மாண்ட்கோமரியோடு சேர்ந்து மனச்சோர்வை அளக்கப் பத்து அம்சங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உண்டாக்கினார். சோகம், தூக்கம், பசி என்று போகும் அதில் பத்தாவது, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பது. முதுகுநீரில் பதில் தேடிய அதே மருத்துவர், நோயாளியிடம் நேரில் கேட்பதற்கும் வழி செய்துவைத்தார். முதுகுநீர்ச் சோதனை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டது. அளவுகோல் இன்றும் உலகம் முழுக்க மருத்துவமனைகளில் புழங்குகிறது.

‘கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ’ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பெரியவருக்கும் இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து மேட்லின் கோல்ட் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், பாதிப் பேரிடம் கேட்கவில்லை. 2005இல் வந்த முடிவு: கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டது ஆறுதலாகக்கூட இருந்தது.

எப்படிக் கேட்பது? நம் பக்கத்தில் யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று வந்து நிற்பதில்லை. ‘ஒடம்பு பாரமா இருக்கு’, ‘ராத்திரியில தூக்கமே இல்ல’, ‘நெஞ்ச என்னமோ பண்ணுது’, ‘நான் இருந்து யாருக்கு என்ன லாபம்’ என்றுதான் வரும். கடைசி வாக்கியத்தைக் கேட்டால் பேச்சை மாற்றக் கூடாது. “செத்துடலாம்னு தோணுதாண்ணா?” என்று நேராகவே கேட்கலாம். ‘ஆமாம்’ என்றால் புத்தி சொல்லத் தொடங்காமல், எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, ஏதாவது முடிவு செய்துவைத்திருக்கிறாரா என்று கேட்டு, அவரைத் தனியே விடாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி எந்த ரத்தத்தையும்விட அதிகம் சொல்லும்: இதற்கு முன் எப்போதாவது முயன்றிருக்கிறாரா? அடுத்த ஆபத்தைக் காட்டும் குறிகளில் இது எப்போதும் முன்னணியில் நிற்கிறது. ஆனால் நம் ஊர்களில் குடும்பம் அதை மறைத்துவிடும். ‘தெரியாம நடந்துபோச்சு’ என்று மருத்துவமனையில் சொல்வார்கள், காவல் நிலையத்துக்குப் பயந்து. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை என்று எழுதியிருந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத் தொகுப்பில் பழைய 309 இடம்பெறவில்லை. இப்போது மறைப்பதால் மிச்சமாவது எதுவும் இல்லை. டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் அவர் கையில் மிக நல்ல குறி ஒன்று கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் குறிகளைத் தேடிய வேலையும் நடந்திருக்கிறது. சென்னையில் 1986இல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரின் குடும்பங்களையும் ஒப்பீட்டுக்கு இன்னொரு 100 பேரையும் வைத்து ஆய்வு செய்தார். 1999இல் வெளியான அந்த ஆய்வில் முன்னால் வந்து நின்றவை மூன்று: மனநோய், குடும்பத்தில் மனநோய் வரலாறு, கடைசி ஒரு மாதத்துக்குள் நேர்ந்த வாழ்க்கை நெருக்கடி. மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஊசி வேண்டாம்.

கேட்டபின்? இதற்கும் சென்னையிலிருந்தே பதில் உண்டு. உலக சுகாதார அமைப்பு ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது: பிரேசிலின் காம்பினாஸ், சென்னை, கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங். முயன்று பிழைத்து அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவுக்கு அதோடு, மருத்துவமனையை விட்டுப் போகும் முன் ஒருமணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களில். அப்புறம் 4, 6, 12, 18ஆம் மாதங்களில். எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்பதுதான் விசாரிப்பு. தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். 2008இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

தேதிகளைக் கவனித்தால் அதன் புத்தி தெரியும். முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே ஐந்து தடவை. ஆபத்து மிகுந்திருப்பது அந்தக் காலத்தில்தான். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பத்து நாளா சாப்பிடறேன், ஒண்ணும் ஆகல’ என்று மாத்திரையைத் தூக்கிப்போடுவதும் அந்த வாரங்களில்தான். இளைஞர்களுக்கு ஆரம்ப வாரங்களில் பரபரப்பு கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கூடவே, கைக்கு எட்டும் தூரம். காட்டுமன்னார்கோயில் பக்கம் சில கிராமங்களில் லட்சுமி விஜயகுமாரின் குழு, விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் தனித்தனிப் பெட்டியில் பூட்டிவைக்க ஏற்பாடு செய்துபார்த்தது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததில், 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பெருமளவு இறங்கியது. மக்களின் செரட்டோனின் மாறவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் கைக்குக் கிடைத்தது மாறியது. வீட்டில் ஒருவர் சரியில்லாத நிலையில் இருந்தால், ஆபத்தான பொருளைக் கொஞ்ச நாள் உறவினர் வீட்டில் கொடுத்துவைப்பதும் மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வைப்பதும் இதே மருத்துவம்தான்.

2022ஆம் ஆண்டின் தேசியக் குற்றப்பதிவுக் கணக்கில், இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. நாடு முழுவதுமான கணக்கில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிக்காரர். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே போகவில்லை. அவர்களுக்கு நல்ல ரத்தப் பரிசோதனை ஒன்று நாளையே வந்தாலும் என்ன பயன்? பரிசோதனைக்கு வருவதற்கே அவர்கள் மருத்துவமனை வாசலை மிதிக்க வேண்டும்.

இங்கிருந்து வாசல் அவ்வளவு தூரத்தில் இல்லை. திருத்தணி அரசு மருத்துவமனை பஸ் ஏறினால் போய்விடும் தூரம். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறது. மனநல மருத்துவர் எந்த நாளில் பார்ப்பார் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினால் ஒருநாள் கூலி வீணாகாது. போகும்போது கூட ஒருவர் போக வேண்டும். தொலைபேசியில் பேச 14416 இருக்கிறது. ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தமிழ்நாடு அரசு நடத்தும் மனநலச் சேவை, எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. 104 எண்ணிலும் பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050. இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் வந்துபோய்க்கொண்டிருந்தால், இந்த எண்களில் ஒன்றை இப்போதே அழையுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து 14416ஐ உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு அந்த வாரக்கணக்கைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்: ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினொன்று. அதில் முதலாவதைத்தான் நாம் வழக்கமாகத் தவறவிடுகிறோம். ‘இப்பதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கான், கொஞ்ச நாள் போகட்டும், சங்கடப்படுவான்’ என்று ஒதுங்குகிறோம். சங்கடமாகத்தான் இருக்கும். முதல் வாரமே போக வேண்டும்.